ஈரோட்டுப் பாக்கியை நகரியிலிருந்தே கேட்கலாம்

கேள்வி: ஆந்திராவில் நகரி ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கிறேன். சொந்தமாக நூல் வாங்கி நெய்து, ஈரோட்டு வியாபாரி ஒருவருக்குச் சேலைகள் அனுப்பினேன். நான்கு லட்சம் ரூபாய் பாக்கி. எட்டு மாதமாக இழுத்தடிக்கிறார். அவருடைய ஆர்டர் படிவத்தில் ‘வழக்கு ஈரோடு நீதிமன்றத்தில் மட்டும்’ என்று அச்சிட்டிருக்கிறது. தறியை நிறுத்திவிட்டு அங்கே அலைய முடியாது. ஆன்லைனில் தீர்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. அந்த அச்சு வரியைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி, சரக்கு கொடுத்தவர் இருக்கும் மாநிலத்தின் வசதியாக்கக் கவுன்சிலே (சிறு தொழில்களுக்கு வர வேண்டிய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் அரசு அமைப்பு) இதை விசாரிக்கலாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. இருவருக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தைவிட இந்தப் பிரிவே மேலோங்கும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. ஆகவே ஆந்திரக் கவுன்சிலில் மனுச் செய்யுங்கள். மத்திய அரசின் ‘சமாதான்’ தளமும், 2025 ஜூனில் தொடங்கிய எம்.எஸ்.எம்.இ. ஓ.டி.ஆர். (சிறு தொழில்களுக்கான ஆன்லைன் தகராறுத் தீர்வு) தளமும் இதற்காகவே இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் உத்யம் பதிவின் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) தேதி. சரக்கு போன பிறகு எடுத்த பதிவைக் காட்டிப் பழைய பில்லுக்குப் பலன் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியிருக்கிறது. பதிவே இல்லாத தறிக்காரர்கள் இதைப் படித்தால், இன்றே எடுத்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

பில், இ-வே பில், லாரி ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ‘சரக்கு வந்தது, அடுத்த வாரம் போடுகிறேன்’ என்று அவர் அனுப்பிய ஒரு வரி பெரிய சாட்சி. தமிழில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பை இணையுங்கள்.

கவுன்சில் முதலில் சமரசம் பேசவைக்கும். பலிக்காவிட்டால் நடுவர் விசாரணை. சட்டம் சொல்லும் கெடு 90 நாள். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள், தாமதம் சகஜம். ஆனால் உங்கள் கையில் வலுவான பிடி ஒன்று இருக்கிறது: வட்டி. எழுத்தில் கெடு பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது; பேசாவிட்டால் 15 நாள்தான். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தீர்ப்பை எதிர்த்து அவர் நீதிமன்றம் போனாலும் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். இந்தக் கணக்கைச் சமரசப் பேச்சிலேயே எடுத்து வையுங்கள். பெரும்பாலும் அங்கேயே மனம் இறங்கும்.

அப்படி இறங்கி வந்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். தவணைத் தேதிகள், ஒன்று தவறினால் முழுத்தொகையும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்ற நிபந்தனை இரண்டும் சமரச ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இருவரும் கையெழுத்திட்டு, சமரசர் சான்றளித்த ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்பின் மதிப்பு உண்டு. முழுப் பணமும் கணக்கில் ஏறும்வரை ‘பாக்கி இல்லை’ என்று எதிலும் கையெழுத்திடாதீர்கள். ஒப்பந்தமோ தீர்ப்போ ஆன பிறகும் அவர் தராவிட்டால், அவருடைய சொத்து இருக்கும் ஈரோட்டிலேயே நிறைவேற்று மனு (தீர்ப்புப்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் மனு) போட வேண்டியிருக்கும்; அதற்கு மட்டும் அங்கே ஒரு வக்கீலை அமர்த்திக்கொள்ளுங்கள்.