பக்க வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தின் நிறத்தை ஒவ்வோரிடமாகத் தேர்ந்தெடுக்காமல் மாற்றுவது எப்படி?

இன்டிசைனில் ஒரு பெரிய மலரை அமைத்துக்கொண்டிருப்பதாகவும், சிவப்பில் உள்ள வரிகளையும் சொற்களையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வேறு நிறமாக்குவதிலேயே பொழுது போய்விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது ஒரு குறுக்கு விசை. ஆனால் இந்த அளவு வேலைக்கு எந்த விசையும் போதாது. நிறத்தை எழுத்தின் மேல் நேரடியாகப் பூசாமல், அந்த எழுத்து பக்கத்தில் என்ன வேலை செய்கிறதோ அந்த வேலைக்கு ஒரு ஸ்டைல் (எழுத்துரு, அளவு, நிறம் ஆகியவற்றை ஒரு பெயரில் சேமித்த தொகுப்பு) அமைத்து, நிறத்தை அந்த ஸ்டைலிடம் ஒப்படைப்பதே சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் மொரீஷியஸில், ரோஸ் ஹில் பக்கத்தில், தைப்பூசக் காவடிக்கான துதிப்பாடல் புத்தகங்களை அமைத்துத் தருகிறேன். இங்கே வீட்டில் கிரியோல் பேசி வளர்ந்த பலருக்குப் பாடல் நாவில் நிற்கும், எழுத்து கண்ணுக்குப் பழகியிருக்காது. ஆகையால் ஒவ்வோர் அடியும் மூன்று வரிகளாக வரும்: முதலில் தமிழ், அதன் கீழே அதே அடி ரோமன் எழுத்தில், அதற்கும் கீழே பிரெஞ்சில் பொருள். பாடிக்கொண்டே படிப்பவரின் கண் தன் வரியைத் தவறவிடாமல் திரும்பிப் பிடிப்பதற்கு நிறம்தான் உதவுகிறது. அதனால் அதை நான் அலங்காரமாகக் கருதுவதில்லை.

இப்படி மாறி மாறி வரும் வரிகளுக்கு மூன்று பாராகிராப் ஸ்டைல்களை (என்டர் தட்டி முடித்த ஒரு வரி அல்லது பத்தி முழுவதற்கும் பொருந்தும் ஸ்டைல்) உருவாக்கி, ஒவ்வொன்றிலும் உரிய நிறத்தைக் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்டைலிலும் ‘நெக்ஸ்ட் ஸ்டைல்’ என்ற இடத்தில் அடுத்து வர வேண்டியதைக் காட்டுங்கள்: தமிழுக்கு அடுத்தது ரோமன், ரோமனுக்கு அடுத்தது பிரெஞ்சு, பிரெஞ்சுக்கு அடுத்தது மீண்டும் தமிழ். இதன் பின் பாடல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, தமிழ் ஸ்டைலின் பெயர்மேல் வலச் சொடுக்கு செய்து, அந்த ஸ்டைலையும் தொடர்ந்து அடுத்த ஸ்டைலையும் இடும்படி சொன்னால், சங்கிலி சுற்றிச் சுற்றி வந்து எல்லா வரிகளும் ஒரே நொடியில் தத்தம் நிறத்தைப் பெற்றுவிடும். இடையில் ஒரு வெற்று வரி கிடந்தாலும் வரிசை பிசகிவிடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.

பிரெஞ்சு விளக்கத்தின் நடுவே வரும் தமிழ்ச் சொற்களை மட்டும் வேறு நிறமாக்க வேண்டுமானால் ‘கிரெப் ஸ்டைல்’ இருக்கிறது; நீங்கள் தரும் வடிவத்துக்குப் பொருந்தும் எழுத்துகளைத் தானே கண்டுபிடித்து அவற்றுக்கு ஸ்டைல் இடும் வசதி இது. தமிழுக்கான எழுத்துருவும் நிறமும் கொண்ட ஒரு கேரக்டர் ஸ்டைலை (பத்திக்குள் சில எழுத்துகளுக்கு மட்டும் பொருந்தும் ஸ்டைல்) உருவாக்கி, பிரெஞ்சுப் பாராகிராப் ஸ்டைலின் கிரெப் பகுதியில் [ஃ-௺]+ என்ற வடிவத்துக்கு அதைப் பொருத்துங்கள். யூனிகோடில் ஆய்த எழுத்து முதல் தமிழ் எண்குறி வரை உள்ள அனைத்தையும் இது பிடித்துக்கொள்ளும். நாளை நீங்கள் புதிதாகத் தட்டச்சு செய்யும் தமிழ்ச் சொல்லும் தானாகவே நிறம் ஏற்கும். அந்தப் பிரெஞ்சு ஸ்டைலிலும் தமிழ் எழுத்துகளை முறையாகச் சேர்த்து அமைக்கும் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ இயங்க வேண்டும் என்பதை மறவாதீர்கள், இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் இடம் மாறி நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த கோப்பாக இருந்தால் இந்த வடிவம் எதையும் பிடிக்காது, ஏனெனில் அங்கே உள்ளுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அப்போது ‘ஃபைண்ட் சேஞ்ச்’ சாளரத்தில் எழுத்துருவைத் தேடுபொருளாகவும் கேரக்டர் ஸ்டைலை மாற்றாகவும் கொடுங்கள்.

ஏற்கெனவே கையால் பூசிய நிறங்களுக்கு வருவோம். கோப்பின் நிறங்களைப் பட்டியலிடும் ‘ஸ்வாட்சஸ்’ பலகையின் மெனுவில் பெயரில்லா நிறங்களைச் சேர்க்கும் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் கோப்பில் ஆங்காங்கே ஒளிந்திருக்கும் நிறங்கள் எல்லாம் பட்டியலுக்கு வந்துவிடும். வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை) நிறங்களையும் அங்கேயே காணலாம். வேண்டாத நிறத்தை அந்தப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். அதன் இடத்தில் எதை வைப்பது என்று மென்பொருள் கேட்கும். நீங்கள் காட்டும் நிறம் கோப்பு முழுவதும் ஏறிவிடும். உங்கள் உடனடித் தேவைக்கு இந்த ஒன்றே போதுமானது. எனினும் அடுத்த ஆண்டும் இதே கோப்பைத் திறக்கப் போகிறீர்கள் என்றால், அந்த நிறத்தைத் தேடி அதற்குக் கேரக்டர் ஸ்டைலை இடும் வேலையையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.

நிறத்துக்குப் பெயர் வைக்கும்போது ‘சிவப்பு’ என்று வைக்காமல் ‘பாடல் வரி’ என்று அதன் வேலையைச் சொல்லி வையுங்கள். விழாக் குழுவினர் அச்சுக்குப் போகும் தறுவாயில் குங்கும நிறம் வேண்டாம், அரக்கு நிறம் வேண்டும் என்று சொல்வது எங்கள் ஊரில் வழக்கம்தான். அப்போது அந்த ஒரு ஸ்வாட்சின் அளவுகளை மாற்றினால் புத்தகம் முழுவதும் மாறும், பெயரும் பொய்யாகாது.

அரக்கு நிறத்தை அச்சின் நான்கு மைகளையும் (சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) கலந்து உண்டாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. அச்சில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியே உள்ள தகடுகள் இம்மியளவு விலகினாலும் சிறிய எழுத்தின் புள்ளியும் சுழியும் மங்கி, ‘ன’வும் ‘ண’வும் ஒன்றுபோல் தெரியும். வயதானவர்கள் கோயில் விளக்கொளியில் வைத்துப் படிக்கும் புத்தகத்தில் இதை என்னால் ஏற்க முடியாது. சிறிய எழுத்துக்கு இரண்டு மைகளுக்கு மேல் போகாதீர்கள்; மெஜந்தாவும் மஞ்சளும் முழு அளவில் சேர்ந்தாலே தெளிவான சிவப்பு கிடைக்கும். நிறம் தேவைப்படாத சாதாரண எழுத்துக்குத் தனிக் கறுப்பே போதும். ஸ்வாட்சஸ் பட்டியலில் உள்ள ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ திரையில் கறுப்பாகத் தெரிந்தாலும் எல்லாத் தகடுகளிலும் விழும் என்பதால் அதை எழுத்துக்குத் தொடவே கூடாது.

இன்டிசைனைக் காசு கொடுத்து வாங்க இயலாதவர்கள் ஸ்க்ரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் இதே முறையைப் பின்பற்றலாம். இப்போதுள்ள 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்கின்றன. கிரெப் ஸ்டைல் அங்கே இல்லை. ஆனால் பாரா ஸ்டைலும் எழுத்து ஸ்டைலும் உண்டு, ஒரு நிறத்தை நீக்கும்போது மாற்று நிறம் கேட்கும் வசதியும் உண்டு, தேடி மாற்றும் சாளரத்தில் எழுத்தின் நிறத்தையே தேடுபொருளாகக் கொடுக்கவும் முடியும்.