கன்று ஏந்திய கைகள்

கேள்வி: பெரிய நிறுவனங்கள் மரக்கன்று நடுகின்றன, ஆண்டுதோறும் சூழல் பொறுப்பு அறிக்கையும் வெளியிடுகின்றன. இனியாவது எண்ணூர்ப் பக்கம் ஆபத்து குறையும் என்று நம்பலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: மரக்கன்று என்று எழுதிவிட்டீர்கள், இனி என்னைத் தடுக்க முடியாது. என் மேசைக்கு வரும் இத்தகைய அறிக்கைகளுக்கெல்லாம் ஒரே அட்டைப்படம்தான். இரண்டு உள்ளங்கைகள், ஒரு பிடி மண், அதில் இரண்டு இலை விட்ட கன்று. யாருடைய கைகளோ, நகக்கண்ணில் அழுக்கே இல்லை. மண்ணைச் சலித்துக் கழுவி உலர்த்தியிருப்பார்கள் போலும். பல வருடமாகியும் அந்தக் கன்றுக்கு மூன்றாவது இலை வரவில்லை. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் மேலதிகாரி மண்வெட்டியைத் தொடுவார், புகைப்படக்காரர் "இன்னொரு முறை, சார்" என்பார், மண்வெட்டி அடுத்த ஜூன் வரை ஓய்வெடுக்கும்.

நடுவதும் என்ன? குல்மொஹர். பூத்தால் படத்துக்கு எடுப்பாக இருக்குமாம். 2016 டிசம்பர் 12, வர்தா புயலன்று அந்த மரங்கள் சாலையெங்கும் குப்புறக் கிடந்ததைச் சென்னையே பார்த்தது. புங்கனும் பூவரசும் வையுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி என் பேனாதான் தேய்ந்தது. விளம்பரத் துறை நண்பர்கள் என்னைக் கண்டால் "பூவரசு வருகிறார்" என்கிறார்கள். பரவாயில்லை, நிழல் தரும் பட்டம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, ஓரளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வழக்கமான தொழில் நடவடிக்கையும், வேறு சட்டப்படி செய்தே தீர வேண்டிய வேலையும் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கலாம், கன்று நடலாம். சொந்தப் புகைபோக்கிக்கு வடிகட்டி போடுவதை இதில் எழுத முடியாது. நியாயமான விதிதான். ஆனால் ஆபத்து இருப்பது புகைபோக்கியில்.

2022-23 முதல், பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் படிவத்தில் சூழல் கணக்கும் காட்டியாக வேண்டும். விற்றுமுதலில், அதாவது மொத்த விற்பனைத் தொகையில், ஒரு ரூபாய்க்கு எவ்வளவு புகை என்பது அதில் ஒரு கட்டம். அறிக்கையில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் அதுதான். சம்பளம் இரட்டிப்பானதும் மூன்று பாட்டிலிலிருந்து ஐந்துக்குப் போனவன், "ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குப் பார், குடி குறைந்திருக்கிறது" என்று மனைவியிடம் சொல்வதைப் போன்றது இது. எண்ணூர்க்காரரின் நுரையீரலுக்கு விற்றுமுதல் தெரியாது.

2023 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. கூழைக்கடாவின் வெள்ளைச் சிறகு தார் பூசியதுபோல் ஆனது. கச்சா எண்ணெயில் கோடி கோடியாகப் புரளும் தொழில், சிந்தியதை அள்ள மீனவர் கையில் குவளையும் வாளியும் கொடுத்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். ஒரு நிறுவனத்துக்கு ஒரு கால்வாய் என்று ஆறு பிரிந்து ஓடுவதில்லை. அறிக்கைகளோ ஆளுக்கொன்றாக, அவரவர் மதில்சுவரோடு முடிந்துவிடுகின்றன. மொத்தமாக இந்த ஊர் எவ்வளவு தாங்கும் என்று கூட்டிப் பார்க்க வேண்டியது அரசு, அதை எந்தக் கம்பெனியின் நல்லெண்ணமும் செய்து தராது.

எனவே நம்ப வேண்டாம், படியுங்கள். 2006ஆம் ஆண்டு சூழல் தாக்க அறிவிக்கைப்படி, அனுமதி பெற்ற ஆலை ஒவ்வொரு ஜூன் 1, டிசம்பர் 1 அன்றும் நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஒப்படைக்க வேண்டும். அது பொது ஆவணம். கேட்டு வாங்குங்கள். ஒளிநகல் மங்கலாக இருந்தால் வேறு பிரதி கேளுங்கள், அலுக்காமல் கேளுங்கள்.