சீரியல் வயரைக் கழற்றுவதற்கு முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வெட்டு மும்முரமாகும் காலத்தில் எனக்கு வருகின்ற கேள்விகளில் பெரும்பாலானவை தராசையும் கணினியையும் இணைத்து, தரவை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் வயரைப் பற்றியவையாகவே இருக்கின்றன. எலி கடித்தது, லொறிச் சில்லு ஏறியது, மின்னல் அடித்தது என்று காரணங்கள் வேறுபட்டாலும், வயரை எடுத்துவிட்டு வயர்லெஸ் அடப்டர் போடலாமா என்பதே எல்லோருடைய கேள்வியும். போடலாம். ஆனால் அடப்டர் அகற்றுவது வயரை மட்டுமே. இரு முனைகளிலும் உள்ள கருவிகள் எந்த வேகத்தில், எந்த ஒழுங்கில் பேசிக்கொள்கின்றன என்ற உடன்பாட்டை அது தானாக ஏற்படுத்தித் தராது. ஆகவே ஒரு மீற்றர் வயரிலாவது முதலில் சரியாக வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டே வயரைக் கழற்றுங்கள் என்பதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டு, இம்முறை வந்த கேள்விகளுக்குச் செல்கிறேன்.

கேள்வி (பரந்தன், அரிசி ஆலை உரிமையாளர்): ஆலை வாசலில் உள்ள லொறித் தராசிலிருந்து அலுவலகக் கணினிக்கு நிலத்தடியாக ஏறக்குறைய 40 மீற்றர் சீரியல் வயர் போகிறது. இரண்டு வருடங்களில் இரண்டு தடவை மின்னலால் கணினியின் போர்ட் எரிந்துவிட்டது. புளூடூத் அடப்டர் போட்டால் இந்தத் தொல்லை தீருமா? எப்படிப்பட்டதை வாங்குவது?

பதில்: தொல்லையின் பெரும்பகுதி தீரும். ஆர்.எஸ்.232 எனப்படும் இந்தச் சீரியல் இணைப்பு முறைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 50 அடி, அதாவது ஏறக்குறைய 15 மீற்றர். செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் 40 மீற்றர் வயரும் பெரும்பாலும் வேலை செய்துவிடும் என்பதால் உங்களுக்கு இதுவரை தரவில் குறை தெரிந்திருக்காது. போர்ட் எரிந்ததற்குக் காரணம் வேறு. தராசுக் கூண்டும் அலுவலகமும் இரு வேறு இடங்களில் நிலத்தோடு இணைந்திருக்கின்றன. அருகில் மின்னல் விழும்போது அந்த இரு இடங்களின் நில மின்னழுத்தமும் ஒரு கணம் பெரிதாக வேறுபட, அந்த வேறுபாடு சமப்படுவதற்குக் கிடைக்கும் வழி உங்கள் வயரின் 5ஆம் பின்னில் உள்ள நிலக் கம்பிதான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி முழங்கும் எங்கள் பகுதியில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே செப்புக் கம்பியை ஓட விடுவதே நல்லதல்ல என்பது என் கருத்து. வயர்லெஸ் இணைப்பு அந்தப் பாதையை வெட்டிவிடுகிறது. மின்வழங்கல் கம்பி வழியாக வரும் மின்னலை அது தடுக்காது. அதற்கு நல்ல நிலத்தொடுப்பும் மின்னெழுச்சிக் காப்பும் தனியே வேண்டும்.

வாங்கும்போது புளூடூத்தின் வலு வகுப்பைப் பாருங்கள். இரண்டாம் வகுப்பு 2.5 மில்லிவாற்று, ஏறக்குறைய 10 மீற்றருக்கானது. முதலாம் வகுப்பு 100 மில்லிவாற்று, திறந்த வெளியில் 100 மீற்றர் வரை போகக்கூடியது. தராசுப் பக்கம் மட்டும் முதலாம் வகுப்பை வைத்துவிட்டு மறுபக்கம் மடிக்கணினியின் உள்ளேயிருக்கும் சிறிய புளூடூத்தை நம்பினால் பலன் கிடைக்காது, ஏனெனில் மறுமொழி அந்தப் பலவீனமான முனையிலிருந்துதான் திரும்பி வரவேண்டும். வெளி அன்டெனாவுள்ள முதலாம் வகுப்பு அடப்டர்கள் இரண்டைச் சோடியாக வாங்கி, ஒன்றைத் தலைமையாகவும் மற்றதைத் துணையாகவும் அமைத்து, ஒன்றின் முகவரியை மற்றதில் நிரந்தரமாகப் பதிந்துவிடுங்கள். அப்போது மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் அவை தாமாகவே ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்ளும். கணினியின் புளூடூத் அமைப்புக்குள் யாரும் போக வேண்டியிருக்காது. கணினியில் சீரியல் போர்ட் இல்லையென்றால் யூ.எஸ்.பி–சீரியல் மாற்றி ஒன்று அந்தப் பக்கம் தேவைப்படும்.

அன்டெனாவை மேசைக்குக் கீழே வைக்காதீர்கள். நெல் ஏற்றிய லொறி தராசில் ஏறி நிற்கும் அதே கணத்தில்தான் உங்களுக்குத் தரவு வேண்டும், அதே கணத்தில்தான் அந்த லொறி இரண்டு அன்டெனாக்களுக்கும் நடுவே மறைப்பாக நிற்கிறது. 40 மீற்றர் தூரத்தில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு நேர்கோட்டைச் சுற்றி நடுப்பகுதியில் ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமான வெளி தேவை. ஆகவே இரு அன்டெனாக்களையும் லொறிப் பெட்டியின் உயரத்துக்கு மேல் ஒரு மீற்றராவது தூக்கி, தகரக் கூரைக்கு வெளியே பொருத்துங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தராசின் அடியிலுள்ள சுமை உணரிகளிலிருந்து காட்சிப் பெட்டிக்கு வரும் வயரை இந்த அடப்டரால் மாற்ற முடியாது. அதில் ஓடுவது சில மில்லிவோல்ற்று அளவிலான அளவை மின்னழுத்தம், சீரியல் தரவு அல்ல. அடுத்து, அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரையிட்ட பெட்டியைத் திறந்து உள்ளே எதையும் பற்ற வைக்க வேண்டாம். வெளியே உள்ள 9 பின் போர்ட்டில் செருகுவதோடு நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான், இலத்திரனியல் திருத்துநர்): விலை குறைவு என்பதால் எச்.சி-05 புளூடூத் பலகை ஒன்றை வாங்கி, ஒரு கருவியின் 9 பின் போர்ட்டில் நேரடியாகப் பற்றவைத்தேன். சிறிது நேரத்தில் பலகை சூடாகிச் செத்துவிட்டது. பலகையில் குறையா?

பதில்: பலகையில் குறையில்லை. எச்.சி-05 இன் தரவுப் பின்கள் 3.3 வோல்ற்றில் பேசுபவை. ஆர்.எஸ்.232 போர்ட்டோ பூச்சியத்தை +3 முதல் +15 வோல்ற்று வரையாகவும் ஒன்றை −3 முதல் −15 வோல்ற்று வரையாகவும் அனுப்புகிறது. அழுத்தம் கூடியது மட்டுமல்ல, தலைகீழானதும்கூட; பலகை தப்பியிருந்தாலும் ஓர் எழுத்தும் சரியாக வந்திராது. இடையில் மாக்ஸ்3232 என்ற மாற்றிச் சிப்பை வைக்க வேண்டும். அது 3 முதல் 5.5 வோல்ற்று வரையான வழங்கலில் இயங்கும். 9 பின் செருகியோடு சேர்ந்த சிறு பலகையாகவே கிடைக்கிறது. பழைய மாக்ஸ்232 ஐ வாங்கினால் அது 5 வோல்ற்றுக்குரியது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த தடவை செருகுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள். கருவியை இயக்கி, தரவு எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்க விட்டு, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீற்றரின் கறுப்பு முனையை 5ஆம் பின்னிலும் சிவப்பு முனையை முதலில் 2ஆம், பிறகு 3ஆம் பின்னிலும் வையுங்கள். −5 க்கும் −12 க்கும் இடையே ஓர் எண் அசையாமல் நிற்கும் பின்தான் கருவி அனுப்பும் பின். மற்றது பூச்சியத்தை ஒட்டியிருக்கும். 3 இல் அந்த எண் வந்தால் கருவியின் போர்ட் கணினியினுடையதைப் போன்றது, 2 இல் வந்தால் மொடத்தினுடையதைப் போன்றது. அடப்டரின் போர்ட்டையும் இதேபோல அளந்து, இரண்டும் ஒரே பின்னில் அனுப்பினால் 2 ஐயும் 3 ஐயும் மாற்றிக் கட்டிய குறுக்கு வயரைப் போடுங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் நாள் முழுக்க மென்பொருளோடு மல்லுக்கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருவன்தான்.

மின்வழங்கலைப் பற்றியும் ஒரு சொல். போர்ட்டின் கட்டுப்பாட்டுப் பின்களிலிருந்தே மின்னை எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அவற்றால் சில மில்லி அம்பியர்தான் தர முடியும்; புளூடூத் பலகைக்குப் பல பத்து மில்லி அம்பியர் வேண்டும். தொலைபேசி சார்ஜர் ஒன்றிலிருந்து 5 வோல்ற்று எடுங்கள்.

கேள்வி (வவுனியா, கடை உரிமையாளர்): அடப்டரை விண்டோஸ் கணினியோடு இணைத்ததும் கொம் 5, கொம் 6 என்று இரண்டு சீரியல் போர்ட்கள் தோன்றுகின்றன. எதைத் தெரிவு செய்வது?

பதில்: வெளிச்செல்லும் போர்ட் என்று காட்டப்படுவதை. கணினியே அடப்டரை அழைக்கும் உங்கள் அமைப்பில் உள்வரும் போர்ட்டுக்கு வேலையில்லை. பழைய பற்றுச்சீட்டு மென்பொருள்கள் சில கொம் 9 க்கு மேற்பட்ட எண்ணைத் திறக்கமாட்டா என்பதால், பயன்படாத பழைய போர்ட்களை நீக்கி எண்ணைக் குறைவாக வைத்திருங்கள். அந்தப் போர்ட்டில் நீங்கள் இடும் வேகத்துக்குப் பெரும்பாலும் பொருள் இல்லை என்பதையும் கவனியுங்கள். அது மென்பொருளுக்குள் மட்டும் இருக்கும் போலிப் போர்ட். கருவியின் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டியது அடப்டருக்குள் பதியப்பட்ட வேகம்தான்.

கேள்வி (மல்லாவி, பால் சேகரிப்பு நிலையம்): தராசிலிருந்து கணினிக்கு எண்கள் வருகின்றன, ஆனால் அரைகுறையாக. 35.6 என்பது சரியாக வருகிறது; 41.2 என்று தராசு காட்டினால் கணினியில் புள்ளி மட்டும் தெரிந்து மற்றவை விசித்திரக் குறிகளாகின்றன. ரேடியோ இடைஞ்சலா?

பதில்: இவ்வளவு தெளிவாக அறிகுறியை எழுதி அனுப்பியதற்கு நன்றி, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. இது ரேடியோ இடைஞ்சல் அல்ல. புளூடூத் தன் வான்வழிப் பொதிகளைத் தானே சரிபார்த்து, பழுதானதை மீள அனுப்பச் செய்கிறது. ஆகவே இடைஞ்சல் இருந்தால் தரவு தாமதமாகும் அல்லது நின்றுவிடும், எழுத்து உருமாறாது.

ஒவ்வோர் எழுத்தும் பிட் எனப்படும் பூச்சியங்களாலும் ஒன்றுகளாலும் ஆனது. உங்கள் தராசு 7 தரவு பிட்டும் இரட்டைப் பாரிட்டியும் என்ற ஒழுங்கில் அனுப்புகிறது. அடப்டர் 8 தரவு பிட், பாரிட்டி இல்லை என்ற ஒழுங்கில் வாங்குகிறது. இரட்டைப் பாரிட்டி என்பது எழுத்தில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டையாக்கச் சேர்க்கப்படும் எட்டாவது பிட். 3 என்ற இலக்கத்தின் குறியீடு 0110011. அதில் நான்கு ஒன்றுகள் ஏற்கெனவே இருப்பதால் பாரிட்டி பிட் பூச்சியமாகி, எட்டு பிட்டாக வாசித்தாலும் எழுத்து கெடுவதில்லை. 1 என்ற இலக்கம் 0110001, மூன்று ஒன்றுகள். ஆகவே பாரிட்டி பிட் ஒன்றாகி, அடப்டர் அதையும் தரவாக எண்ணி வேறொரு குறியாக்கிவிடுகிறது. இப்படிக் கணக்குப் பார்த்தால் 0, 3, 5, 6, 9 ஆகியவையும் புள்ளியும் தப்பும். 1, 2, 4, 7, 8 கெடும். நீங்கள் தந்த இரு எண்களும் இதற்கு அச்சொட்டாகப் பொருந்துகின்றன. தராசின் அமைப்புப் பட்டியலில் 8 பிட், பாரிட்டி இல்லை என்று மாற்றிவிடுங்கள். மாற்ற இயலாவிட்டால் 7 பிட்டை ஏற்கும் அடப்டரைத் தேட வேண்டும்; மலிவான பலகைகள் பலவற்றில் அந்த வசதி இல்லை.

வேகமே பொருந்தாதபோது இப்படிச் சில இலக்கங்கள் மட்டும் தப்புவதில்லை, எல்லாமே குப்பையாகும். எதுவுமே வராவிட்டால் பின்களைச் சந்தேகியுங்கள்.

கேள்வி (முள்ளியவளை, மாணவி): எச்.சி-05 ஐ என் ஐபோன் கண்டுபிடிக்கவே இல்லை; தம்பியின் அன்ட்ரொய்ட் தொலைபேசியில் உடனே வருகிறது. ஏன்?

பதில்: எச்.சி-05 பயன்படுத்தும் சீரியல் போர்ட் முறையைச் சாதாரணச் செயலிகளுக்கு ஐபோன் திறந்துவிடுவதில்லை. அப்பிளின் அங்கீகாரம் பெற்ற கருவிகளுக்கு மட்டுமே இடம் தருகிறது. குறைவலு புளூடூத் வகைப் பலகை ஒன்றை வாங்குங்கள், அல்லது தம்பியின் தொலைபேசியைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (இரணைமடுவுக்குக் கீழே, விவசாயி): வாய்க்கால் நீர்மட்டத்தை அளக்கும் கருவியிலிருந்து வீட்டுக்கு 600 மீற்றர். நடுவில் வயலும் சில பனைகளும். புளூடூத் போகுமா?

பதில்: போகாது. 433 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் இயங்கும் எச்.சி-12 போன்ற சீரியல் ரேடியோச் சோடி இதற்கு ஏற்றது. திறந்த வெளியில் ஒரு கிலோமீற்றர் வரை போகும் என்று அதன் தயாரிப்பாளர்கள் சொன்னாலும், மழையில் நனைந்த ஓலையும் தாழ்வான அன்டெனாவும் அதில் பாதியைத் தின்றுவிடும். நீர்மட்டத்துக்கு வேகம் தேவையில்லை, ஆகவே தரவு அனுப்பும் வேகத்தைக் (போட் வேகம்) குறைத்து வையுங்கள், தூரம் கூடும். அலைநீளத்தின் காற்பங்கு நீளமுள்ள அன்டெனாவுக்கு நேரான கம்பி 17.3 சென்ரிமீற்றர் போதும். அதை இரு முனைகளிலும் நிலைக்குத்தாக நிறுத்தி, இயன்ற அளவு உயரத்தில் கட்டுங்கள்.

புளூடூத்தைப் போல இது தவறிய பொதியை மீள அனுப்பச் செய்யாது. ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேசவும் முடியாது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்த வரியின் எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து, அது பொருந்தாத வரியை வீட்டுப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் இரண்டு வரி தவறினாலும் வாய்க்கால் ஓடிப்போய்விடாது. இவ்வகை ரேடியோவை வாங்குவதற்கு முன், அதன் அலைவரிசையையும் வலுவையும் குறிப்பிட்டுத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், எச்.சி-12 ஐ 473 மெகாஹேர்ட்ஸ் வரை திருப்ப முடியும் என்பதால் பிறருடைய அலைவரிசையில் போய் விழ வாய்ப்புண்டு.

கேள்வி (மாங்குளம், தச்சுப் பட்டறை): கணினியால் இயங்கும் செதுக்கு இயந்திரத்துக்கு வரைபடத்தை சீரியல் வயரால் அனுப்புகிறோம். தூசியில் வயர் அடிக்கடி பழுதாகிறது. இதையும் வயர்லெஸ் ஆக்கலாமா?

பதில்: வேண்டாம். இயந்திரம் செதுக்கிக்கொண்டிருக்கும்போதே கட்டளைகள் துளித்துளியாகப் போய்க்கொண்டிருக்கும் முறையில், நினைவகம் நிரம்பியதும் இயந்திரம் 'நிறுத்து' என்று சொல்கிறது. அந்தச் சொல் உடனே கணினியை அடைய வேண்டும். வயர்லெஸ் இணைப்பு தரவைச் சேர்த்து வைத்துப் பொதிகளாக அனுப்புவதால், 'நிறுத்து' போய்ச் சேர்வதற்குள் ஏற்கெனவே கிளம்பிவிட்ட எழுத்துகள் வந்து குவியும். மூன்று கம்பி மட்டும் உள்ள அடப்டர்களில் 7ஆம், 8ஆம் பின்களின் கட்டுப்பாட்டுச் சைகைகள் கடத்தப்படுவதே இல்லை. பட்டறை ஒன்றில் என்னை நம்பி இப்படிப் பொருத்தியபோது, பூ வேலைப்பாடு செதுக்க வேண்டிய தேக்கம் பலகையில் நடுவே ஒரு வரி தவறி, கத்தி குறுக்காக உழுதுகொண்டு போனது. பலகையின் விலையை நான்தான் கொடுத்தேன். முழு வரைபடத்தையும் முதலில் உள்வாங்கிவிட்டுப் பிறகு செதுக்கும் இயந்திரமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். இல்லையெனில் உறையிட்ட நல்ல வயரை வாங்கி, பிளாஸ்டிக் குழாய்க்குள் இட்டு, செருகியின் திருகாணிகளை இறுக்கி விடுங்கள்.

கேள்வி (கிளிநொச்சி நகரம், மருந்துக் கடை): புளூடூத் அடப்டர் பூட்டிய எங்கள் பற்றுச்சீட்டு அச்சுப்பொறி சில வேளைகளில் யாரும் கேட்காமலே கண்டபடி அச்சிடுகிறது. பேய் பிடித்ததா என்று வேலைப் பிள்ளைகள் பகிடி விடுகிறார்கள்.

பதில்: அடப்டரின் இரகசிய எண் இன்னும் 1234 ஆகவோ 0000 ஆகவோ இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அப்படித்தான் இருக்கும். பக்கத்துக் கடையில் தேநீர் குடிப்பவரின் தொலைபேசிகூட அதோடு இணைந்துகொள்ளலாம். எச்.சி-05 வகையென்றால் பலகையிலுள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின் கொடுங்கள். விளக்கு இரண்டு செக்கனுக்கு ஒரு தடவை மெதுவாக மின்னும். அந்த நிலையில் 38400 வேகத்தில் கட்டளை கொடுத்து எண்ணையும் பெயரையும் மாற்றலாம். புதிய எண்ணை அச்சுப்பொறியின் முதுகில் எழுதி ஒட்டிவிடாதீர்கள்.