பியானோவில் தோற்றவர்கள்தான் கண்டக்டர் ஆகிறார்களா?

பியானோவில் மேலே வர முடியாதவர்கள்தான் கடைசியில் கண்டக்டராகி, ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவை நடத்தப் போகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. என் சொந்தக்காரர்களே இதை என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பியானோ படிக்கும் பிள்ளை இருக்கிறது, எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜார்ஜ் ஸோல்டி 1942-இல் ஜெனீவா பியானோ போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். பிறகு சிகாகோ சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவை 1969 முதல் 1991 வரை நடத்தினார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த டேனியல் பாரன்பாய்ம் ஏழு வயதில் பியானோவோடு மேடையேறியவர். கண்டக்டர் ஆன பிறகும் வாசிப்பதை விடவில்லை. இவர்களா தோற்றவர்கள்?

உடனே யாராவது அமெரிக்க பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷர் பெயரைச் சொல்வார்கள். 1960-களில் அவருடைய வலது கை விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன, நரம்புக் கோளாறு. இடது கைக்கென்றே பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கன்சர்ட்டோவை (ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒருவர் தனித்து வாசிக்கும் இசை) வாசித்தார், பாடம் எடுத்தார், ஆர்க்கெஸ்ட்ரா நடத்தினார். சிகிச்சைக்குப் பின் 2004-இல் இரண்டு கைகளாலும் வாசித்து ஆல்பமே வெளியிட்டார். நோய் வந்ததைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனசு வராது.

நான் பாடகர் குழு ஒன்றுக்கு ஒத்திகை பியானோ வாசிப்பவன். ஆர்க்கெஸ்ட்ரா கடைசி நாட்களில்தான் வரும், அதுவரை மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் என் பத்து விரல்தான். ஒருமுறை கண்டக்டருக்குக் காய்ச்சல், நீங்களே நடத்துங்கள் என்றார்கள். பியானோவில் கட்டையை அழுத்தினால் அந்த நொடியே சத்தம் வரும். ஆர்க்கெஸ்ட்ரா முன்னால் நின்றால், கை இறங்கி இம்மி நேரம் கழித்துத்தான் வருகிறது. அதற்காகக் காத்திருந்தால் எல்லோரும் இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஓபோ என்ற ஊதுகுழல் வாசிப்பவர் அதன் ரீடை (ஊதும் சீவாளியை) உதட்டில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கையைத் தூக்கும்போது அவரோடு சேர்ந்து நானும் மூச்சை இழுத்தேன், சரியாக எடுத்தார். மாதக்கணக்கில் கார்டுகளுக்கு (ஒன்றாக அழுத்தும் பல சுரங்கள்) நடுவே என் வலது கட்டைவிரல் வாசித்த வரி அது. அது இன்னொருவர் மூச்சில் வருவதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

பியானோ தெரிந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். வயலின் வில் எங்கே மேலே போகும், எங்கே கீழே வரும் என்று தெரிய வேண்டும். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஸி என்ற சுரம் எழுதியிருந்தால் காதில் விழுவது பி ஃபிளாட் என்ற வேறு சுரம். இதையெல்லாம் தனியாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் ஒரு கார்டுக்குள் நடுவிரலின் சுரத்தை மட்டும் தூக்கிக் காட்டப் பழகிய காதுக்கு, சத்தமான ஹார்ன் ஊதுகருவியை அடக்கி, வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவைக் கேட்க வைப்பது புரியாத வேலை இல்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கச்சேரி நோட்டீஸில் ஒத்திகை பியானோக்காரர் பெயர் வருவதே இல்லை. கேட்டால் இடமில்லை என்றார்கள். பூ அலங்காரம் செய்தவர் பெயருக்கு இடமிருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, எங்களையும் ஒரு வரியில் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் பிள்ளைக்கு ஆசையிருந்தால் தனியாக வாசிப்பதோடு நிறுத்தாமல், முதலில் பாடுகிறவர்களுக்கு வாசிக்க அனுப்புங்கள். ஸோல்டியே புடாபெஸ்ட் ஓபராவில் ஒத்திகை பியானோவில்தான் வேலையைத் தொடங்கினார்.