100 சதவீதம் பிளேஸ்மென்ட் என்று சொல்லும் பொறியியல் கல்லூரியை நம்பித் தம்பியைச் சேர்க்கலாமா?

உங்கள் வீட்டுக்கும் இரண்டு பேர் ஃபைலோடு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பிராஸ்பெக்டஸ் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் அப்படி வீடு வீடாகப் போனவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஏழு வருடம் உதவிப் பேராசிரியராக இருந்தேன். ஏப்ரல், மே வந்தால் பிளஸ் டூ பிள்ளைகளின் போன் நம்பர் பட்டியலைக் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்பிவிடுவார்கள். ஆளுக்கு ஐந்து அட்மிஷன் டார்கெட். முடிக்காவிட்டால் இன்கிரிமென்ட் கிடையாது.

2016 மே மாதம் குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். வீட்டை ஒட்டியே கொட்டகை, நான்கு தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசுவது காதில் விழ வேண்டும் என்று நான்கையும் நிறுத்தினார். தறி நின்றால் கூலியும் நின்றது என்று அர்த்தம். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டுதான் பிராஸ்பெக்டஸை வாங்கினார். பின் அட்டையில் மாணவர்கள் படம், சம்பளம், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் 100 சதவீதம். அதன்மேல் விரலை வைத்து, "இது எல்லாப் பசங்களுக்கும்ங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆமாங்ண்ணா, எல்லாருக்கும்தான்" என்றேன்.

அது பொய். சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

அந்த 100 எப்படி வருகிறது என்று சொல்கிறேன். வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனிகள் பெரும்பாலும் 60 சதவீத மதிப்பெண் கேட்கும், அரியர், அதாவது தேறாமல் நிற்கும் பாடம், இருக்கக் கூடாது என்று சொல்லும். அதைத் தாண்டியவர்களின் பெயர் மட்டும்தான் தகுதிப் பட்டியலில் வரும். மேல்படிப்பு, சொந்தத் தொழில் என்று எழுதிக் கொடுத்தவர்களையும் கழித்துவிடுவோம். எங்கள் துறையில் ஒரு பேட்சில் 52 பேர் படித்தார்கள். பட்டியலில் நின்றது 21 பேர். அந்த 21 பேருக்கும் ஏதோ ஓர் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. 21க்கு 21, ஆக 100 சதவீதம். கணக்கில் தப்பே இல்லை. அந்த 52ஐ மட்டும் எங்கேயும் அச்சடிக்கவில்லை. ஒரே மாணவனுக்கு வந்த மூன்று ஆஃபரை மூன்று பேராக எண்ணிய வருடமும் உண்டு.

அந்த விசைத்தறிக்காரரின் பையன் எங்கள் துறையிலேயே சேர்ந்தான். நல்ல பையன், ஆனால் முதல் செமஸ்டரிலேயே கணக்கு அரியர். அது அடுத்தடுத்த பேப்பர்களையும் இழுத்துக்கொண்டு போய், கடைசி வருடத்தில் ஐந்து அரியர் நின்றது. 2019 செப்டம்பரில் தகுதிப் பட்டியல் ஒட்டியபோது அவன் பெயர் இல்லை. மறுநாள் அப்பா வந்தார். நான் கொடுத்த அதே பிராஸ்பெக்டஸை, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சண்டை போடவில்லை. "ஏமாத்திட்டீங்கன்னு சொல்ல வரலீங்க சார். அரியர் இருந்தா உள்ளயே விட மாட்டாங்கன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, முதல் வருசமே கணக்குக்கு டியூசன் வச்சிருப்பனுங்க" என்றார்.

இன்றுவரை என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் பையனைச் சேர்க்க மாட்டார் என்று பயந்துதான் மறைத்தேன். அவரோ சேர்த்திருப்பார். கூடவே உஷாராகவும் இருந்திருப்பார்.

இதைப் படித்துவிட்டு "எல்லாக் கல்லூரியையும் ஒரே தராசில் வைக்காதே" என்று சிலர் வருவார்கள். வைக்கவில்லை. மொத்தம் எத்தனை பேர் என்று நேர்மையாகப் போடும் தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன, அங்கே வேலை பார்க்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. "அவ்வளவு மனசாட்சி இருந்தால் அன்றே ராஜினாமா செய்திருக்கலாமே" என்றும் கேட்பார்கள். என்னுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் எம்.இ. பட்டம் வரை எல்லா ஒரிஜினலும் அந்த நிர்வாகத்தின் பீரோவில் இருந்தது. வேலையில் சேரும் அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வருட நடுவில் விலகினால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுத்தான் வாங்க வேண்டும். மாணவர்களின் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018லேயே அறிவிப்புப் போட்டது. எங்களுக்காகப் பேச அன்று யார் வந்தார்கள்? ஒரே பேராசிரியரின் பெயரைப் பல கல்லூரிகளில் காட்டிய விவகாரத்தை 2024இல் ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தபோது ஊரே அதிர்ந்தது. எங்களில் பலருக்கு அது புதிய செய்தி இல்லை. சரி, உங்கள் கேள்வி அதுவல்ல. மனம் ஆறவில்லை, எழுதிவிட்டேன்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். போன பேட்சில் முதல் வருடம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், நான்கே வருடத்தில் டிகிரி முடித்தவர்கள் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒன்றிய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரி என்றால் இந்த மூன்று எண்ணையும் கல்லூரியே அரசுக்குக் கொடுத்திருக்கும். கல்லூரி இணையதளத்தில் என்ஐஆர்எஃப் என்ற தலைப்பில் பிடிஎஃப் இருக்கும். அதில் மீடியன் சம்பளம் என்று ஒரு கட்டம் உண்டு. வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை அது. பேனரில் உள்ள தொகையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொழில்நுட்பக் கல்விக்கான ஒன்றிய அரசு அமைப்பான ஏஐசிடிஇ தரும் அனுமதி என்பது கல்லூரி நடத்த அனுமதி, தரச்சான்று இல்லை. நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பு கொடுக்கும் கிரேடு மொத்தக் கல்லூரிக்கு உரியது. என்பிஏ என்ற இன்னொரு அமைப்பின் தர அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. சிவிலுக்கு வாங்கியதைக் காட்டி ஏஐ படிப்பில் சேர்ப்பார்கள், தம்பி சேரும் படிப்புக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், அவர்கள் கொடுக்கும் நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். பாட்னாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, இல்லாத பல்கலைக்கழக இணைப்பையும் அங்கீகாரத்தையும் இருப்பதாக விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்தது. அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள், 2009இல் உச்ச நீதிமன்றம் வரை அவர்கள் பக்கம்தான் தீர்ப்பு வந்தது. அவர்களிடம் அச்சடித்த விளம்பரம் இருந்தது. நான் குமாரபாளையத்தில் சொன்ன "ஆமாங்ண்ணா" எந்தக் காகிதத்திலும் இல்லை. வாயால் சொல்வதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கல்லூரியின் கவுன்சலிங் குறியீட்டு எண்ணைக் கீழே போடுங்கள். பிடிஎஃப்பில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.