சிஆர்எம் மென்பொருளில் புதிதாக வந்திருக்கும் வசதிகளில், தினமும் அதில் வேலை செய்பவருக்கு உண்மையில் உதவுபவை எவை?

சிஆர்எம் என்பது வாடிக்கையாளர் விவரங்களையும் அவர்களோடு நடக்கும் விற்பனைப் பேச்சுகளையும் பதிந்து வைக்கும் மென்பொருள். நான் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். காலையில் திறக்கும் சிஆர்எம் திரையை மாலையில்தான் மூடுவேன். புதிதாக எந்த வசதி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நான் தட்டச்சு செய்ய வேண்டியதை இது குறைக்கிறதா, கூட்டுகிறதா? விற்பனைக் கணக்கைப் படமாகத் தொகுத்துக் காட்டும் டேஷ்போர்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பெரும்பாலும் மேலதிகாரிக்குத்தான் பயன்படும். அதற்குத் தீனி போடும் வேலை நம் தலையில் விழும்.

அந்த வகையில் எனக்குப் பெரிதாகப் படுவது, மின்னஞ்சலும் காலண்டரும் சிஆர்எம்முடன் இணைவது. அனுப்பிய மெயில், வந்த பதில், நடந்த மீட்டிங் எல்லாம் அந்தந்த வாடிக்கையாளரின் பக்கத்தில் தானாகவே ஏறிவிடும். இது முற்றிலும் புதிது இல்லை, ஆனால் இப்போதுதான் நம்பி விட்டுவிடும் அளவுக்கு வந்திருக்கிறது. இணைக்கும்போது எந்த மெயில்களை யார் பார்க்கலாம் என்ற செட்டிங்கைக் கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால் சம்பளம் பற்றி எச்ஆருக்கு எழுதியதும் குழுவின் கண்ணில் படக்கூடும்.

அடுத்தது, அழைப்பின் சுருக்கத்தை ஏஐ எழுதித் தருவது. போனை வைத்ததும் யார் என்ன கேட்டார்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும், எப்போது ஃபாலோ-அப் என்று வரைவு வந்து நிற்கும். சரிபார்த்து சேமித்தால் முடிந்தது. ஆனால் அந்தச் சரிபார்ப்பை மட்டும் விடவே கூடாது. "டெலிவரியை நீங்கள் சீக்கிரம் தர முடிந்தால் மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன்" என்று வாடிக்கையாளர் சொல்லியிருப்பார். சுருக்கத்தில் "மேலிடத்தில் பேசுவதாக ஒப்புக்கொண்டார்" என்று வரும். நிபந்தனை காணாமல் போய்விட்டது. அடுத்த வாரம் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு உங்கள் சக ஊழியர் அழைத்தால் பேச்சே தடம் மாறிவிடும். அதனால் "ஆனால்", "என்றால்" வரும் இடங்களை நான் அழைப்பின் பதிவில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் சேமிப்பேன். அழைப்பைப் பதிவு செய்வதாக இருந்தால் எதிரில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த லீட் (வாங்க வாய்ப்புள்ளவர்) வாங்கும், எது வாங்காது என்று மதிப்பெண் போடும் வசதி இருக்கிறதே, அதைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். சிஆர்எம் நிறுவனங்களான சேல்ஸ்ஃபோர்ஸ் 2016இல் ஐன்ஸ்டைன் என்ற ஏஐ வசதியையும், ஜோஹோ 2017இல் ஸியா என்ற ஏஐ உதவியாளரையும் கொண்டுவந்ததிலிருந்தே இந்தப் பேச்சு உண்டு. பழைய டீல்களைப் பார்த்துத்தான் இது கற்றுக்கொள்கிறது. கைவிட்டுப் போன டீல்களுக்கெல்லாம் காரணம் என்ற இடத்தில் "மற்றவை" என்று போட்டுவிட்டுப் போகும் குழுவில் இந்த மதிப்பெண்ணை நம்பி யாரையும் ஒதுக்காதீர்கள்.

வாட்ஸ்அப் உரையாடல் சிஆர்எம்முக்குள்ளேயே வருவதை நான் மனதார வரவேற்கிறேன். ஒருவர் விடுப்பில் போனால் வாடிக்கையாளரின் பேச்சும் அவர் போனோடு போய்விடும் நிலை இதனால் மாறியது. ஒரு விதி மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் நீங்கள் விரும்பியபடி பதில் எழுதலாம். அதற்குப் பிறகு, வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட்டை (தயார் செய்து வைத்த செய்தியை) மட்டுமே அனுப்ப முடியும். வெள்ளிக்கிழமை மாலை வந்த கேள்விக்குத் திங்கட்கிழமை பதில் எழுத உட்கார்ந்தால் பெட்டி பூட்டியிருப்பது இதனால்தான்.

2024இல் சேல்ஸ்ஃபோர்ஸின் ஏஜென்ட்ஃபோர்ஸ் வந்ததிலிருந்து, ஏஐ ஏஜென்டே (தானாக வேலைகளைச் செய்யும் ஏஐ) வாடிக்கையாளரோடு பேசும் காலம் தொடங்கியிருக்கிறது. வரைவு எழுத விடுங்கள், தேடித் தரச் சொல்லுங்கள். விலை, தள்ளுபடி, தேதி உள்ள எதையும் மனிதர் பார்க்காமல் அனுப்ப அனுமதிக்காதீர்கள் என்பது என் கருத்து.

அப்புறம், நீங்கள் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லாமலும் இருக்கலாம். ஏற்கெனவே உள்ள சந்தாத் திட்டத்திலேயே சில வசதிகள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அட்மினிடம் பட்டியலைக் கேட்டு, முதலில் மெயில் இணைப்பை ஆன் செய்யச் சொல்லுங்கள். அப்படியே, நிரப்பியே ஆக வேண்டும் என்று வைத்திருக்கும், ஆனால் யாரும் படிக்காத கட்டாயப் புலங்களை எடுத்துவிடும்படியும் கேளுங்கள்.