சராசரி ஏறினால் போதுமா?

கேள்வி: குடும்பங்களின் சராசரி வருமானம் ஏறிக்கொண்டே இருப்பதாகப் புள்ளிவிவரம் சொல்கிறது. உங்கள் பத்திரிகையோ இதழுக்கு இதழ் ஏற்றத்தாழ்வு, ஏற்றத்தாழ்வு என்றே எழுதுகிறது. நல்ல செய்தி உங்கள் கண்ணில் படவே படாதா?

பதில்: படுகிறது. அது யாருக்கு நல்ல செய்தி என்று கேட்காமல் அச்சில் ஏற்றத்தான் மனம் வரவில்லை.

பத்து வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாத வருமானம், ஆயிரங்களில்: 10, 12, 14, 15, 18, 20, 24, 30, 45, 212. எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கூட்டினால் 400, சராசரி 40. அந்த 40-ஐத் தொட்ட வீடுகள் இரண்டே இரண்டு. அடுத்த ஆண்டு பத்தாவது வீட்டுக்கு மட்டும் இன்னொரு 100 வருகிறது. மற்ற ஒன்பது வீடுகளிலும் ஒரு காசு கூடவில்லை. இப்போது சராசரி 50. ‘குடும்ப வருமானம் 25 சதவீதம் உயர்வு’ என்று தலைப்புப் போட்டால் கணக்கில் பிழையே இருக்காது. ஆனால் கீழே உள்ள ஐந்து வீடுகளின் பங்கு, மொத்தத்தில் 17 சதவீதத்திலிருந்து 14-க்கு இறங்கிவிட்டிருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க சராசரியைவிட வசதியான இடம் கிடையாது.

அதனால்தான் வரிசையின் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானத்தை, அதாவது இடைநிலை வருமானத்தைக் கேட்கிறோம். நம் பத்து வீடுகளில் நடுவில் நிற்பவை 18, 20 என இரண்டு என்பதால், அவற்றுக்கு இடையிலான 19-தான் அது. இரண்டாம் ஆண்டிலும் அதே 19. வருமானக் கணக்கில் மேல்முனை மட்டும் நீண்டுகொண்டே போகும் என்பதால், சராசரி இடைநிலைக்கு மேலேதான் நிற்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடுகிறது என்றால் பணம் உச்சியில் குவிகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இது பத்திரிகைக்காரர்களின் பிடிவாதம் அல்ல. தேச வருமானக் கணக்குக்கு அடித்தளம் போட்ட சைமன் குஸ்நெட்ஸே 1934-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், வருமானம் மக்களிடையே எப்படிப் பங்காகிறது என்று தெரியாமல் பொருளாதார நலனைச் சரியாக அளக்க முடியாது என்று எழுதினார். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

‘அதற்குத்தான் கினி குறியீடு இருக்கிறதே’ என்பீர்கள். ஏழை வீடு தொடங்கி பணக்கார வீடு வரை வரிசைப்படுத்தி, யாரிடம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வளைகோடாக வரையும் முறையை 1905-இல் அமெரிக்கப் பொருளியலாளர் மேக்ஸ் லோரென்ஸ் கொடுத்தார். சமப் பங்கீட்டுக் கோட்டிலிருந்து அது எவ்வளவு விலகுகிறது என்பதை 1912-இல் இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ கினி ஒற்றை எண்ணாக்கினார். எல்லோருக்கும் சமம் என்றால் 0. எல்லாம் ஒரே வீட்டுக்கு என்றால் 1. பயனுள்ள எண்தான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் தனியாக நிற்காது. ஒரு சமூகத்தில் பாதிப் பேருக்கு வருமானமே இல்லை, மீதிப் பாதி சமமாகப் பகிர்ந்துகொள்கிறது. இன்னொன்றில் 1 சதவீதத்தினர் 51 சதவீத வருமானத்தை எடுத்துக்கொள்ள, மிச்சத்தை 99 சதவீதத்தினர் சமமாகப் பகிர்கிறார்கள். இரண்டிலும் கினி 0.5! முதல் சமூகத்தில் பாதிச் சனம் பட்டினி; இரண்டாவதில் ஒரு சிறு கூட்டத்தின் கையில் பாதிச் செல்வாக்கு. இரண்டும் ஒரே நோயா, ஒரே மருந்தா? ஆகவே கீழ்ப்பாதியின் பங்கு என்ன, மேல் 10 சதவீதத்தின் பங்கு என்ன என்று தனித்தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

வீட்டில் எத்தனை பேர் என்பதும் முக்கியம். ஒருவர் வீட்டுக்கு 20 போதுமென்றால், கூரையும் அடுப்பும் பொது என்பதால் நால்வர் வீட்டுக்கு 80 வேண்டாம், 40 போதும் என்று கணக்கிடுவது புழக்கத்தில் உள்ள ஒரு முறை. தலைகளை எண்ணாமல் வீடுகளை மட்டும் ஒப்பிட்டால், 40 வாங்கும் தனியாளும் 40-இல் குடும்பம் நடத்தும் நால்வரும் ஒன்றாகிவிடுவார்கள்.

நாங்கள் மிகைப்படுத்துவதாக உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். வீடு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கெடுப்புகளில் பெரும் பணக்காரர்கள் அகப்படுவது அரிது. அகப்பட்டாலும் முழு வருமானத்தைச் சொல்வதில்லை. வரித்துறைப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்களுக்கு உச்சியின் பங்கு பெரும்பாலும் இன்னும் பெரிதாகவே தெரிகிறது. கணக்கெடுப்பை மட்டும் நம்பி நாங்கள் எழுதியபோதெல்லாம், ஏற்றத்தாழ்வைக் குறைத்துத்தான் எழுதியிருப்போம்.